‘டிஸ்பியூட்’ என்றால் தகராறா, தாவாவா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இங்கிலீஷ் படிக்காத தொழிலாளியும் தினமும் பேசுகிற சில இங்கிலீஷ் சொற்கள் உண்டு. டூட்டி, ஷிப்டு, ஓவர்டைம், சஸ்பெண்டு, டிஸ்மிஸ் என்று அந்த வரிசை நீளும். அதில் ஒன்று ‘டிஸ்பியூட்’. சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், மறுநாள் டீக்கடையில் கேட்கிற கேள்வி, “டிஸ்பூட் போட்டாச்சா?” என்பதுதான். போட்டாச்சு என்றால் விஷயம் ஒரு வழிக்கு வந்துவிட்டது, சங்கம் கையில் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அதே சொல்லைத் தமிழில் ‘தகராறு’ என்று சொல்லுங்கள். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை பிடுங்கப் போகிற பெண்ணுக்கு அது வேறு ஒன்றை நினைவூட்டும். கூலி கூடக் கேட்டால் “தகராறு பண்ணுகிறாள்” என்பார்கள். சேரியில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் “தகராறு” என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் போகும். ஆலைத் தொழிலாளிக்குப் பேச்சுவார்த்தை மேஜையைக் கொண்டுவரும் சொல், கழனித் தொழிலாளிக்குப் போலீஸ் வேனைக் கொண்டுவருகிறது.

ஒரே சொல்லுக்கு ஏன் இந்த இரண்டு முகம்? இது அகராதி பார்க்கிற பண்டிதர்களின் கேள்வி மட்டும் அல்ல. நம்முடைய கூலி, வேலை, நிலம், கோயில் வாசல் எல்லாமே இந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

சொல் எங்கிருந்து வந்தது?

‘டிஸ்பியூட்’ லத்தீன் பாஷையிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல். அதன் மூலத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ‘தனித்தனியாக’ என்று பொருள்படும். மற்றொன்று ‘கணக்கிடுதல்’ என்று பொருள்படும். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக் கணக்குப் பார்ப்பதே ஆதியில் அதன் பொருள். பிறகு அது வாதம் செய்வதைக் குறித்தது. அதற்கும் பிறகுதான் சச்சரவைக் குறித்தது.

நம் ‘தகராறு’ அரபு மொழியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்தது. அங்கே அதன் பொருள் ‘திரும்பத் திரும்பச் சொல்லுதல்’. தொழிற்சங்கக்காரர்கள் சொல்லும் ‘தாவா’வும் அரபு மூலத்திலிருந்து வந்ததே. உரிமை கோருதல், வழக்கிடுதல் என்று அதற்குப் பொருள். நம்முடைய சொந்தச் சொல்லான ‘வழக்கு’க்கும் இரண்டு பொருள் உண்டு. ஊரில் வழங்கி வருகிற நடைமுறையும் வழக்குத்தான். அந்த நடைமுறையை எதிர்த்துக் கோர்ட்டில் போடுவதும் வழக்குத்தான்.

ஆகவே பிறப்பில் இந்தச் சொற்களில் எதற்கும் அடிதடி என்ற பொருள் கிடையாது. கணக்குப் பார்ப்பது, திரும்பத் திரும்பக் கேட்பது, உரிமை கோருவது என்பவையே அவற்றின் பொருள். அவற்றில் ரௌடித்தனத்தின் வாடையை ஏற்றியது யார்? கணக்குக் கேட்கப்படுவதை விரும்பாதவர்கள்தான்.

இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பிரயோகம் உண்டு. ‘பியாண்ட் டிஸ்பியூட்’ என்பார்கள். தகராறுக்கே இடமில்லாதது, எல்லோரும் ஏற்க வேண்டியது என்று அர்த்தம். இந்தப் பிரயோகத்தைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவோம்.

கேடயமும் விலங்கும்

இந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்குள் வந்த கதை சுவையானது. 1901-ம் ஆண்டு இங்கிலாந்தில் டாஃப் வேல் ரயில்வே கம்பெனி வழக்கில், வேலைநிறுத்தத்தால் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குத் தொழிற்சங்கம் பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் நஷ்ட ஈடாகக் கட்ட நேர்ந்தது 23,000 பவுன். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அதன் பலனாக வந்தது 1906-ம் ஆண்டின் டிரேட் டிஸ்பியூட்ஸ் சட்டம். தொழில் தகராறை முன்னிட்டுச் செய்கிற காரியங்களுக்காகச் சங்கத்தின் மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்று அது சொல்லிற்று. அங்கே ‘டிஸ்பியூட்’ தொழிலாளியின் கேடயமாயிற்று.

நம் சென்னையிலும் அதே கதை நடந்தது. 1918-ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில் 1920-ல் வழக்குப் போட்டு, ஹைகோர்ட்டில் தடையுத்தரவும் வாங்கிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்துக்கு, தொழில் தகராறை முன்னிட்ட செயல்களில் பாதுகாப்பு உண்டு என்று அது ஒத்துக்கொண்டது.

ஆனால் மூன்றே ஆண்டில் வெள்ளை சர்க்கார் அந்தச் சொல்லைப் புரட்டிப் போட்டுவிட்டது. 1928-ல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். நம் விழுப்புரம் ஜங்ஷன் அந்தக் கம்பெனியின் பாதையில் உள்ளதுதான். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அந்தப் போராட்டத்துக்காகச் சிறை சென்றனர். இதன் பின் 1929-ல் சர்க்கார் கொண்டுவந்த சட்டத்தின் பெயரும் டிரேட் டிஸ்பியூட்ஸ் சட்டம்தான். இங்கிலாந்தில் 1906-ல் வந்ததன் பெயரே இதற்கும். ஆனால் உள்ளே இருந்தது வேறு. பொதுநலச் சேவை என்று சொல்லப்பட்ட தொழில்களில் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றால் தண்டனை. தன் தொழிலின் தகராறைத் தாண்டி, சர்க்காரை நிர்ப்பந்திக்கும் வகையில் வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம். ஒரு ஆலைத் தொழிலாளிக்காக இன்னொரு தொழிலின் தொழிலாளி நிற்பதைத் தடுக்கும் சூழ்ச்சி இது.

1929 ஏப்ரல் 8-ந் தேதி டெல்லி சட்டசபையில் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியது எந்த நாளில் என்று நினைக்கிறீர்கள்? இந்த மசோதா சபையில் நிறைவேறிய நாளில்தான். பகத்சிங் பெயரை அறியாத தொழிலாளி இல்லை. அவர் எதிர்த்த மசோதாவின் பெயரிலே ‘டிஸ்பியூட்’ என்ற சொல் இருந்தது என்பதை அறிந்தவர் குறைவு.

1938-ல் பம்பாய் மாகாணத்தில் தொழில் தகராறு மசோதா வந்தபோது, நவம்பர் 7-ந் தேதி டாக்டர் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து அதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்தினர். அப்போதும் சண்டை இதே சொல்லைச் சுற்றித்தான்: தகராறு என்று ஒன்று வந்தால், வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளியிடம் இருக்குமா, இருக்காதா?

நமக்குப் பக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1936 ஜூலை 30-ந் தேதி பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொழிலாளியின் கோரிக்கையைத் ‘தகராறு’ என்றுகூட ஏற்காத இடத்தில் கிடைத்த பதில் அது. ஆகவே இந்தச் சொல் வெறும் ஏமாற்று என்று நாம் தள்ளிவிட முடியாது. அதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவே இரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

1947 சட்டம் என்ன சொல்லிற்று?

1947 ஏப்ரல் 1-ந் தேதி தொழில் தகராறுகள் சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் ‘டிஸ்பியூட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘டிஃபரன்ஸ்’ என்ற சொல்லையும் வைத்தார்கள். அதாவது சச்சரவாக முற்ற வேண்டியதில்லை, கருத்து வேற்றுமை இருந்தாலே போதும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே, முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையே, தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுகிற வேற்றுமை. அது வேலை பற்றியோ, வேலை மறுப்பு பற்றியோ, வேலை நிபந்தனை பற்றியோ இருக்க வேண்டும்.

இதைப் படித்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலாளிகளின் வக்கீல்கள் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள்.

சென்னை சினிமாக் கொட்டகைத் தொழிலாளர் விஷயத்தைச் சென்னை சர்க்கார் டிரிப்யூனலுக்கு அனுப்பியபோது, “எங்கள் கொட்டகையில் தகராறே இல்லை” என்றும், என்ன தகராறு என்று உத்தரவில் விவரமாக எழுதவில்லை என்றும் வாதாடினார்கள். தகராறு இருக்கிறது, அல்லது வரக்கூடும் என்று சர்க்கார் கருதினால் போதும், விவரம் முழுவதும் எழுத வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. சாரதி வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு தொழிலாளிக்குப் பெரிய உதவி.

அடுத்த கேள்வி, ஒரு தனித் தொழிலாளியை டிஸ்மிஸ் செய்தால் அது ‘தொழில் தகராறு’ ஆகுமா? சங்கமோ கணிசமான தொழிலாளரோ அதை எடுத்துக்கொண்டால்தான் ஆகும் என்று 1957-ல் தீர்ப்புகள் வந்தன. சங்கம் இல்லாத ஆலையில் தள்ளப்பட்டவன் எங்கே போவான்? எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1965-ல் தான் 2-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தனியாள் டிஸ்மிஸும் தொழில் தகராறே என்று ஆக்கினார்கள். அப்படியும் சர்க்கார் அனுப்பினால்தான் லேபர் கோர்ட் விசாரிக்கும் என்ற நிலை. தமிழ்நாட்டில் 1988-ல் செய்த திருத்தத்தால் தொழிலாளி தானே நேராக லேபர் கோர்ட்டுக்குப் போக வழி பிறந்தது.

இன்னொரு வாதத்தைப் பாருங்கள். 1968-ல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தொழிலாளர் நிர்வாகத்திடம் முதலில் கோரிக்கை வைக்காமல் சர்க்காரிடம் மட்டும் சொன்னால் அது தொழில் தகராறு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. “என்னிடம் கேட்கவே இல்லையே, எப்படித் தகராறு?” என்று முதலாளி சொல்லிக்கொள்ள அது இடம் கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து, 1978-ல், ஒரு பாங்க் ஊழியர் வழக்கில், எழுத்தில் கோரிக்கை இல்லாவிட்டாலும் நடந்தவற்றைப் பார்த்துத் தகராறு உண்டு என்று முடிவு செய்யலாம் என்று கோர்ட் சொல்லிற்று. ஆனாலும் எழுதிக் கொடுக்காமல் விட்டு எத்தனை தாவா தோற்றிருக்கும்! எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று கையில் இருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

புதிய சட்டத்தில் பழைய சொல்

1947 சட்டம் இன்று இல்லை. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலாகி, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தையும் அது விழுங்கிவிட்டது.

புதிய சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘தகராறு’ போய் ‘உறவு’ வந்திருக்கிறது. பெயரில்தான் உறவு. உள்ளே தகராறு என்பதற்குப் பழைய இலக்கணமே இருக்கிறது. தனியாள் டிஸ்மிஸும் அதில் அடக்கம். நல்லதுதான். ஆனால் அந்தத் தகராறில் தொழிலாளியின் கையில் இருந்த ஆயுதம் என்ன ஆயிற்று?

பழைய சட்டத்தில் பொதுநலச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இன்று எல்லாத் தொழிலுக்கும் விரிந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்த பின் சமரச அதிகாரி முதல் கூட்டம் போட்டதும் சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சமரசம் நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. டிரிப்யூனலுக்குப் போனால் அது முடிந்து 60 நாள் வரை கூடாது. நோட்டீஸ் கொடுக்காமல் நின்றால் சட்டவிரோதம். கொடுத்தால் சமரசம் தொடங்கி நிற்க முடியாது. பாதி அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் ஒரே நாளில் சேர்ந்து லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிஸ்மிஸ் ஆனவர் டிரிப்யூனலுக்குப் போக முன்பு மூன்று ஆண்டு அவகாசம். இப்போது இரண்டே ஆண்டு.

1929-ல் வெள்ளைக்காரன் சில தொழில்களில் போட்ட 14 நாள் பூட்டு, 2025-ல் எல்லா ஆலை வாசலிலும் தொங்குகிறது. இதைத்தான் உறவு என்கிறார்கள்.

14 நாள் என்றதும் இன்னொரு 14 நாள் ஞாபகம் வருகிறது. 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி, விவசாயி கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும்; தவறினால் 15 சதவீத வட்டி. நம் வட்டாரத்தில் கரும்பு போடுகிற எந்தச் சிறு விவசாயியை வேண்டுமானாலும் கேளுங்கள், பாக்கிக்காக நடந்த நடையைச் சொல்வார். தொழிலாளி 14 நாள் தவறினால் சட்டவிரோதம். ஆலை முதலாளி 14 மாதம் தவறினால் அதற்கு என்ன பெயர்? ‘பாக்கி’ என்று மெதுவாகச் சொல்வார்கள். சட்டவிரோதம் என்ற சொல் அப்போது யார் நாவிலும் வராது.

சங்கம் வைப்பதையே முதலாளிகள் தகராறாக்குவதும் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அங்கே சங்கத்தைப் பதிவு செய்யவே தடை. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. கம்பெனிக்காக உழைக்கலாம், கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கூடக் கூடாது என்பது அவர்கள் நியாயம். ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. தொழிலாளர் நின்றதனால்தான் அது நடந்தது.

கழனியில் என்ன நிலை?

இவ்வளவு பேசியும் கழனித் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவருக்கு இந்த ‘டிஸ்பியூட்’ பெரும்பாலும் எட்டாக் கனி. சர்க்கரைக் கம்பெனிகள் தாமே நடத்திய கரும்புப் பண்ணை தொழிலில் சேரும் என்று பீகாரின் ஹரிநகர் வழக்கில் 1963-ல் தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் இன்றைக்கு ஒருவர் கழனி, நாளைக்கு இன்னொருவர் கொல்லை என்று போகிற கூலியாளுக்கு எந்த டிரிப்யூனல்? தஞ்சை ஜில்லாவில் செங்கொடி இயக்கம் போராடியதால் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்க சமரச அதிகாரியை அது வைத்தது. 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. தென்னாற்காட்டுக் கூலியாளுக்கு அப்படி ஒன்று இல்லை.

அந்த 1969 சட்டம் எந்த நெருப்பிலிருந்து வந்தது என்பதை மறக்க முடியுமா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். அதைக் ‘கூலித் தகராறு’ என்று எழுதியவர்கள் உண்டு, ‘மோதல்’ என்று எழுதியவர்கள் உண்டு. மோதலில் இரு பக்கமும் கை ஓங்கும். அங்கே ஒரு பக்கத்தில் தீப்பந்தமும் மறு பக்கத்தில் குழந்தைகளும் இருந்தனர்.

நம் விழுப்புரம் நகரிலேயே 1978 ஜூலையில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொலை செய்யப்பட்டனர். அதையும் தகராறு, கலவரம் என்றுதான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கொலை என்ற சொல் இருக்க, தகராறு என்ற சொல் எதற்கு? கொன்றவனையும் செத்தவனையும் ஒரே தட்டில் வைப்பதற்குத்தான்.

145-ம் பிரிவின் ‘டிஸ்பியூட்’

கழனித் தொழிலாளிக்கும் சட்டத்தில் ஒரு ‘டிஸ்பியூட்’ வைத்திருக்கிறார்கள். ஆனால் அது லேபர் ஆபீஸில் இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிறது. பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 145-ம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 164-ம் பிரிவாக அதே சரக்கு இருக்கிறது. நிலம், நீர், கட்டிடம், விளைச்சல் பற்றிய தகராறால் அமைதி கெடும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், இரு தரப்பையும் கூப்பிட்டு, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். உரிமை யாருடையது, நியாயம் யாருடையது என்பதை அவர் பார்க்கமாட்டார். அவசரம் என்றால் இடத்தையே பூட்டிச் சீல் வைக்கலாம்.

தலைமுறை தலைமுறையாக நிலம் யார் அனுபவத்தில் இருந்தது? பஞ்சமி நிலம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்று கொடுக்கப்பட்டது. அதில் எவ்வளவு பிறர் கையில் போயிற்று என்பதை இந்த வட்டாரம் அறியும். அனுபவம் மட்டும் பார்ப்பது என்றால் பிடித்தவனுக்கே அது சாதகம். ஒரே ஒரு பிடி உண்டு: பலவந்தமாக வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விஷயம் மாஜிஸ்திரேட் முன் வந்தால், வெளியேற்றப்பட்டவரையே அனுபவத்தில் இருப்பவராகக் கொள்ளலாம். ஆகவே நிலத்தை விட்டு விரட்டினால் மாதக்கணக்கில் பஞ்சாயத்துப் பேசிக் காலத்தைக் கடத்தக் கூடாது.

இந்தப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதை விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதி கிராமம் காட்டிற்று. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், உள்ளே போன தலித் இளைஞர் அடிக்கப்பட்டார். தலித் மக்களை உள்ளே விட முடியாது என்றார்கள் மற்றவர்கள். சமாதானக் கூட்டங்கள் நடந்தன, பலன் இல்லை. ஜூன் 7-ந் தேதி 145-ம் பிரிவின்படி கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள்.

அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லேயே வந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து சொல்கிறது. அப்படியானால் உள்ளே போகும் உரிமை ‘பியாண்ட் டிஸ்பியூட்’ அல்லவா? தகராறுக்கே இடமில்லாதது அல்லவா? அதைத் தகராறு என்று பெயரிட்டவுடனே என்ன நடந்தது பாருங்கள். உள்ளே போவேன் என்பவர் ஒரு தரப்பு ஆனார். விடமாட்டேன் என்பவர் மறு தரப்பு ஆனார். சட்டத்தை மீறுகிறவரும் சட்டப்படி நடக்கிறவரும் சமம் ஆனார்கள். பூட்டு இரண்டு பேருக்கும் என்றார்கள். ஆனால் ஏற்கெனவே வெளியே நின்றவருக்குப் பூட்டினால் என்ன, திறந்தால் என்ன?

ஹைகோர்ட் உத்தரவுக்குப் பின் 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் நடை திறந்தது. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்புடன் தலித் மக்கள் உள்ளே சென்று கும்பிட்டனர். தகராறு என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு ஆண்டு விலை.

அமைதி வேண்டாமா, இரத்தம் சிந்தினால் யார் பொறுப்பு என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊரில் ஏழைகள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதை நாமும் விரும்பவில்லை. அங்கே இரு பக்கமும் நிற்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல உழைத்துப் பிழைக்கிறவர்கள். ஆனால் அமைதியைக் காக்கப் பூட்டு போட வேண்டியது அடிக்கிறவன் கைக்கு. கும்பிட வந்தவனுக்கு எதிரே கதவுக்கு அல்ல.

எது உண்மையான தகராறு?

ஆகவே இந்தச் சொல்லை நாம் மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ளது. கூலி எவ்வளவு, வேலை எவ்வளவு, யாரை எடுப்பது, யாரை நிறுத்துவது என்பதில் எழுவது. இது உண்மையான தகராறு. உழைப்பவன் வேறு, உடையவன் வேறாக இருக்கிற வரை இருக்கும். இதை மூடி மறைத்து ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று சொல்கிற மானேஜரை நம்ப வேண்டாம். குடும்பத்தில் யாரும் யாரையும் டிஸ்மிஸ் செய்வதில்லை.

இரண்டாவது, உழைப்பவருக்குள்ளேயே எழுவது. கரும்பு விவசாயிக்கும் வெட்டுகிற ஆட்களுக்கும் கூலியில் வேற்றுமை வரும். ஆலை பாக்கி வைத்ததால் என்னிடம் காசில்லை என்பார் சிறு விவசாயி, பொய்யும் அல்ல. வெட்டுகிறவருக்கும் அன்றாடம் அடுப்பு எரிய வேண்டும். இந்த வேற்றுமையை ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஆலை வாசலுக்குப் போய்ப் பாக்கியைக் கேட்க வேண்டும். சாதியின் பெயரால் இது முற்றினால் லாபம் ஆலைக்கு.

மூன்றாவது, தகராறே அல்லாதது. சட்டம் கொடுத்த குறைந்தபட்சக் கூலி, பொதுக் கோயிலின் வாசல், பொதுக் குளத்தின் தண்ணீர், பொதுத் தெருவின் நடை இவையெல்லாம் உரிமைகள். இவற்றை மறுப்பது குற்றம். குற்றத்தைத் தகராறு என்று சொல்ல நாம் யாரையும் விடக் கூடாது. நாமும் சொல்லக் கூடாது.

செய்ய வேண்டியது

ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. கோரிக்கையை எழுத்தில் வையுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, தேதி எழுதி, நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சமரச அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கே முறிந்துபோனால், அவருடைய அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் டிரிப்யூனலுக்கு மனுச் செய்யலாம். டிஸ்மிஸ் என்றால் இரண்டு ஆண்டு என்ற கெடுவை மறக்க வேண்டாம். இன்று நாளை என்று மேஸ்திரியின் வாய்ச் சொல்லை நம்பி அதைத் தாண்டினால் கதவு அடைபடும். சங்கத்தின் பதிவையும் கணக்கையும் ஒழுங்காக வைத்திருங்கள். சங்கம் பலமாக இல்லாத இடத்தில் எந்தப் பிரிவும் காப்பாற்றாது.

கழனித் தோழர்களுக்கு: கூலி குறைந்தால் அது கெஞ்சிக் கேட்கிற விஷயம் அல்ல. ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லா வேலைக்கும் பொருந்தும். குறைவாகக் கொடுத்த கூலிக்கு மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய அதில் வழி உண்டு. யாரிடம், எத்தனை நாள், என்ன கூலிக்கு வேலை செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படிக்காதவருக்குப் படித்த பிள்ளை எழுதட்டும். பத்துப் பேர் சேர்ந்து சங்கமாக மனுக் கொடுங்கள். ஸ்டேஷனில் “என்ன தகராறு?” என்று கேட்டால், “தகராறு இல்லை, கூலி பாக்கி” என்று சொல்லுங்கள். “கோயிலில் என்ன தகராறு?” என்றால், “தகராறு இல்லை, தீண்டாமைக் குற்றம்” என்று சொல்லி, புகாரை அந்தச் சொல்லிலேயே எழுத வையுங்கள். எழுதிய சொல்லைப் பொறுத்துத்தான் பிரிவு. பிரிவைப் பொறுத்துத்தான் நடவடிக்கை.

நம்முடைய கூலி, நம்முடைய நாள், நம்முடைய வேர்வை ஆகியவற்றின் கணக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக் கேட்போம். ஒருமுறை கேட்டுப் பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்போம். ஆலையிலும் கழனியிலும் சேர்ந்து கேட்போம். அதற்குத் தகராறு என்று பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கணக்கு மட்டும் தீர்ந்தாக வேண்டும்.